கிண்ணியில் மருந்து இல்லை

கார் நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது துப்பாக்கிப் பட்டறையின் வாசலில் இருமி, உதறி, உயிரை விட்டது.

"சொன்ன இடத்துல கரெக்டா செத்திருக்கு, பாஸ். இவ்வளவு கடமையுணர்ச்சி எனக்கே கிடையாது," என்றான் கொசு.

சித்தி சிரிக்கவில்லை. அவர் யாருக்கும் சித்தி இல்லை. முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்களைத் துருவிக்கொண்டிருந்தபோது, மாட்டிக்கொண்ட ஒரு திருடன் அழுகிற அழுகையில் "சித்தி, விட்டுடுங்க" என்று கதற, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். போலீஸ்காரர்களுக்கும் அவர் சித்திதான். கொசு அவருடைய உதவியாளன். ஒல்லி. காதருகே ஓயாமல் ரீங்காரம். பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பின் சீட்டில் ஒரு பெண் கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவள். ஜெயிலில் இருப்பவனின் தங்கை.

"நாளைக்குக் காலைல கோர்ட்ல ஒத்துக்கப் போறான், சித்தி. 'நான்தான் பண்ணேன்'னு சொல்லிடப் போறான். ஒத்துக்கிட்டா தண்டனை கொறையும்னு வக்கீலும் சொல்லிட்டாரு."

"பண்ணாததை ஏம்மா ஒத்துக்கணும்?"

"பண்ணலைங்கறது அவனுக்கே நிச்சயமா தெரியல. அதான் சித்தி பயமா இருக்கு."

வழக்கு இதுதான். அண்ணனுக்கு, பழங்காலத் துப்பாக்கிகளைச் சுட்டு மகிழும் ஒரு கிளப்பில் வேலை. குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, சுடுகிறவர்கள் கையில் கொடுப்பான். அந்த வகைத் துப்பாக்கியில் விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும். பொறி விழுவதற்கு வெளியே மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணி. அதில் ஒரு சிட்டிகை மருந்து. கிண்ணியில் பிடித்த தீ, குழாயின் பக்கத்தில் உள்ள ஊசித்துளை வழியாக உள்ளே பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும். கிண்ணி காலி என்றால் துப்பாக்கி ஊமை.

கிளப்புக்கு வந்த விருந்தாளி ஒருவர் குறி பார்ப்பது போல் போட்டோ வேண்டும் என்று அடம் பிடித்தார். கெட்டித்து வைத்திருந்த துப்பாக்கியை அண்ணன் நீட்டினான். "கிண்ணில மருந்து இல்ல சார், சுடாது" என்றான். விருந்தாளி போஸ் கொடுத்தார். விசையை இழுத்தார். சுட்டது. கேமராவோடு எதிரே நின்ற கிளப் செயலாளர் அங்கேயே விழுந்தார்.

முந்தின நாள்தான் செயலாளரோடு அண்ணன் தொண்டை கிழியச் சண்டை போட்டிருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "தீத்துளை தேஞ்சு அகலமாயிடுச்சு, லைனரை மாத்துங்கன்னு கத்தினேன். அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாரு" என்றான். அந்தத் துளை இருப்பது லைனர் என்கிற ஒரு குட்டித் திருகாணியில். தீ பாய்ந்து பாய்ந்து துளை தேய்ந்தால் பழையதைக் கழற்றிப் புதிதாகத் திருக வேண்டும்.

கோர்ட் துப்பாக்கியைப் பார்த்தது. துளை ஊசிமுனை அளவுதான். அண்ணன் பொய்யன் ஆனான். காலிக் கிண்ணியோடு நிபுணர் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒரு தடவைகூடச் சுடவில்லை. அப்படியானால் கிண்ணியில் மருந்து போட்டது யார்? போட்டுவிட்டு 'சுடாது' என்று சொல்லி நீட்டியது யார்?

"மொதல்ல சத்தியம் பண்ணான்," என்றாள் தங்கை. "இப்ப என்ன சொல்றான் தெரியுமா? 'தினமும் போட்டுப் பழகின கை. என்னை அறியாம போட்டிருக்குமோ? துளை பெருசுன்னு நானா நெனச்சுக்கிட்டேனோ?' கையையே பாத்துட்டு உக்காந்திருக்கான். நான் போனாகூட நிமிர மாட்டேங்கறான்."

சித்தி காரைவிட்டு இறங்கினார். "வா. நிபுணரைப் பாக்கலாம்."

பட்டறை ஆபரேஷன் தியேட்டர் போல் இருந்தது. சுவரில் அரங்கள் உயர வரிசையில் நின்றன. ஒவ்வொரு ஸ்க்ரூ டிரைவருக்கும் ஒரு தனி ஓட்டை. தரையில் ஒரு இரும்புத்தூள் இல்லை. பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். தோல் ஏப்ரனில்கூட இஸ்திரி மடிப்பு வைத்திருப்பார் போலிருந்தது. மூலையில் மின் அடுப்பின்மேல் ஏதோ உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"பாம்பு வளக்கறீங்களா சார்?"

"கெட்டில்."

"கெட்டில்னா விசில் அடிக்கணுமே?"

"விசில் ஒடஞ்சு போச்சு. சமாளிச்சு வச்சிருக்கேன். வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

கொசு குனிந்து மேஜைமேல் ஒரு போட்டோவை விரித்தான். வழக்கம்போல் அவன் மூக்குக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி மேஜையில் விழுந்தது. அதன் ஒரு கால் வெறும் குண்டூசியில் நிற்பது. பட்டறைக்காரர் முகம் சுளித்து, அதை எடுத்துத் தன் பக்கம் ஒதுக்கிவிட்டுப் போட்டோவைப் பார்த்தார்.

"சம்பவம் நடந்த அன்னைக்குப் போலீஸ் எடுத்தது," என்றார் சித்தி. "துளை மேல நிழல் விழுந்திருக்கு, அளவு தெரியல. ஆனா கீறல் தெரியுது பாருங்க. லைனரைத் திருகினப்பறம் குழாயோட சமமா வரணும்னு ரெண்டையும் சேத்து அரம் போட்டிருக்காங்க. கீறல் குழாய்ல ஆரம்பிச்சு, லைனர் மேல ஏறி, அந்தப் பக்கம் எறங்குது. ஒரே கோடு."

"ஆமா. அப்படித்தான் இருக்கும்."

"நேத்து கோர்ட்ல துப்பாக்கியைப் பாத்தேன். கீறல் லைனர் விளிம்போட நின்னுடுது. நடுவுல வழவழன்னு ஒரு வட்டம். அந்தப் பக்கம் மறுபடி கீறல்."

"ரோட்டு நடுவுல கொளம் வெட்டின மாதிரி," என்றான் கொசு.

பட்டறைக்காரர் போட்டோவின் ஓரத்தை மேஜை விளிம்போடு நேராக்கினார்.

"சீல் வச்ச துப்பாக்கி ஒரே ஒரு எடத்துக்குத்தான் போச்சு. இங்க. சோதனைக்கு. நிபுணர் சாட்சி நீங்கதான். லைனரை யாருக்காக மாத்தினீங்க? அந்த விருந்தாளிக்காகவா?"

அவர் முகம் சிவந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

"அம்மா, நான் சாட்சிக் கூண்டுல ஏறிச் சொன்னது இதுதான். வந்த துப்பாக்கியை வந்தபடியே சோதிச்சேன், எதையும் மாத்தல. அதையேதான் இப்பவும் சொல்றேன். என் அம்மா மேல சத்தியமா எதையும் மாத்தல." பேசப் பேச அவர் கைகள் மேஜைமேல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. கோபக்காரர்களின் கைகள் சும்மா இருப்பதில்லை. "இங்க பொய்யும் கெடையாது, பொய் வேலையும் கெடையாது. போட்டோவை எடுங்க. இந்தா, உன் கண்ணாடியையும் எடு. கெளம்புங்க."

"சார்." தங்கை முன்னால் வந்தாள். "உங்க கால்ல விழறேன் சார். அண்ணன் உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசுவான் தெரியுமா? 'அந்தப் பட்டறைக்குப் போன துப்பாக்கி புதுப் பொண்ணு மாதிரி திரும்பி வரும்'னு சொல்லுவான். நாளைக்கு அவன் கொலைகாரன்னு ஒத்துக்கப் போறான் சார். நீங்க ஒரு வார்த்தை..."

"இல்லாததை நான் எப்படிம்மா சொல்வேன்?"

அவர் குரலில் பொய் இல்லை. சித்திக்கு அதுதான் சிக்கல். பொய் சொல்பவனை உடைக்கலாம். உண்மை பேசுகிறவனை என்ன செய்வது?

மூவரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. தங்கை சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

"அவ்வளவுதானா, சித்தி?"

சித்தி போட்டோவை மறுபடி விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.  

கொசு கோபத்தில் கார் டயரை உதைத்தான். கால்தான் வலித்தது. குனிந்து காலைப் பிடித்துக்கொண்டான். குனிந்தபடியே அசையாமல் நின்றான்.

"பாஸ்."

"சும்மா இரு, கொசு."

"பாஸ், என் கண்ணாடி விழல."

"என்னடா?"

"குனிஞ்சிருக்கேன். தலையை ஆட்டறேன். பாருங்க. விழல! இது பொறந்ததுலேர்ந்து விழற கண்ணாடி, பாஸ்!"

சித்தி அதைப் பிடுங்கிப் பார்த்தார். குண்டூசியைக் காணோம். அந்த இடத்தில் கச்சிதமாக ஒரு குட்டித் திருகாணி. தலை மினுமினுத்தது.

அடுத்த நொடி சித்தி பட்டறைக் கதவைப் படாரென்று திறந்து உள்ளே நுழைந்தார்.

"போகச் சொன்னேனே!"

"ஒரே ஒரு கேள்வி. இவன் கண்ணாடியைச் சரி பண்ணீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? நான் அதைத் தொடவே இல்ல."

"உங்க கைகிட்ட பாருங்க."

அவர் பார்த்தார். வளைந்த குண்டூசி ஒன்று. அதன் பக்கத்தில், சுவரிலிருந்து எப்போதோ இறங்கி வந்திருந்த மிகச் சின்ன ஸ்க்ரூ டிரைவர். எதிரே சுவரில் அதன் ஓட்டை காலியாக இருந்தது.

"எங்களைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க," என்றார் சித்தி மெதுவாக. "சத்தியம் பண்ணிக்கிட்டே இருந்தீங்க. அதே நேரத்துல உங்க கை குண்டூசியைக் கழட்டி, சரியான திருகாணியைத் தேடி எடுத்து, முறுக்கி முடிச்சிருக்கு. உங்களுக்கே தெரியாது. சார், உங்க கைக்கு ஒடஞ்ச எதையும் ஒடஞ்சபடி வச்சிருக்கத் தெரியாது."

பட்டறைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இப்ப யோசிக்காம சொல்லுங்க. ஒரு துப்பாக்கி இங்க வருது. மேஜைல வைக்கறீங்க. அப்புறம்?"

"மருந்து கெட்டிச்சிருக்கான்னு பாப்பேன்."

"அப்புறம்?"

"சுத்தம் பண்ணுவேன். குழாய், கிண்ணி எல்லாம். பழைய கரி இருந்தா சோதனை சரியா வராது. கல்லு மழுங்கியிருந்தா மாத்துவேன். அப்புறம் வெளிச்சத்துல தீத்துளையைப் பாப்பேன். தேஞ்சிருந்தா பக்கத்துல நிக்கறவன் மூஞ்சில தீ அடிக்கும். தேஞ்ச லைனரோட யாராவது சுடுவாங்களா? அதைக் கழட்டிட்டுப் புதுசு..."

நிறுத்தினார்.

மூலையில் கெட்டில் உஸ்ஸென்றது.

"ஐயோ," என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. "அது மாத்தறது இல்லம்மா. அது... துடைக்கிற மாதிரி. சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவற மாதிரி. கை கழுவினேன்னு யாராவது கோர்ட்ல சொல்வாங்களா?"

"அப்ப தேஞ்சிருந்துச்சா?" தங்கை பாய்ந்து வந்தாள். "அண்ணன் சொன்னது நிஜமா?"

"நான் மாத்தியிருந்தா தேஞ்சுதான் இருந்திருக்கும். நல்லா இருக்கறதைத் தொட மாட்டேன்."

"இருந்திருக்கும்னு சொன்னா பத்தாது," என்றார் சித்தி. "நாளைக்கு அரசு வக்கீல் எழுந்து, ஞாபகமே இல்லாத சாட்சின்னு சிரிப்பாரு. எங்களுக்குப் பொருள் வேணும். பழைய லைனர் எங்க?"

அவர் எழுந்து மேஜையடியில் இருந்த தகர டப்பாவை இழுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கழட்டினதெல்லாம் இதுலதான் போடுவேன். உருக்கறவன் வந்து அள்ளிட்டுப் போயிடுவான். அது போய் மாசக்கணக்காச்சு."

தங்கையின் முகத்தில் அப்போதுதான் ஏறியிருந்த வெளிச்சம் அணைந்தது. கிடைத்துத் தொலைந்ததுதான் கிடைக்காததைவிடக் கொடுமை. அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா போற?"

"ஜெயிலுக்கு. பாக்கற நேரம் சாயங்காலத்தோட முடிஞ்சிடும். 'துளை பெருசாத்தான் இருந்துச்சு, ஆனா நிரூபிக்க முடியல'ன்னாவது அவன்கிட்ட சொல்லணும். அவன் பைத்தியம் இல்லன்னாவது தெரியட்டும்."

"இரு. ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ," என்றான் கொசு. கலங்கி நிற்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஜோக் வராது, டீ போடத்தான் வரும். கெட்டிலில் தண்ணீரை நிரப்பி அடுப்பைக் கூட்டினான். உஸ்ஸ் பெரிதாகியது. "இவ்வளவு ஆவி வருது, விசில் மட்டும் வர மாட்டேங்குது!"

கதவில் கை வைத்த தங்கை அப்படியே நின்றாள். சத்தத்தைக் கவனித்தாள்.

"துளை சின்னதா இருந்தாத்தான் கீச்சுன்னு கத்தும்," என்றாள். "என் இஸ்திரிப் பெட்டியும் புதுசுல கத்தும். ஆவித் துளை தேஞ்சு தேஞ்சு அகலமாயிட்டா இப்படித்தான்... உஸ்ஸுன்னு..."

அவள் முடிக்கவில்லை. சித்தி மெல்லத் திரும்பினார்.

"விசில் ஒடஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே. அந்த எடத்துல என்ன மாட்டினீங்க?"

"ஏதோ கைக்குக் கெடச்சதை..." என்று ஆரம்பித்த பட்டறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் கெட்டிலை நோக்கிப் பாய்ந்தார்கள். கொசு விரலைச் சுட்டுக்கொண்டான். அடுப்பை அணைத்ததும் ஆவி விலகியது. கெட்டில் மூக்கின் மூடியில், ஒழுங்காக மரை வெட்டித் திருகப்பட்டு, ஒரு குட்டி எஃகுத் திருகாணி உட்கார்ந்திருந்தது. நடுவில் கோணல்மாணலாக அகன்ற ஒரு துளை.

பட்டறைக்காரரின் ஒரு கை அதை நோக்கிப் போனது. இன்னொரு கையில் அதற்குள் ஒரு துணி முளைத்திருந்தது.

"துடைச்சிடாதீங்க!" என்று சித்தி அலறினார்.

அவர் துணியைப் பாம்பைப் போல் உதறினார்.

கொசு எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். பிறகு சித்தி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருகாணியின் தலையில் அரத்தின் கீறல்கள். நடுவே வடு போல் ஆழமாக ஒன்று, துளையை உரசிக்கொண்டு சாய்வாக ஓடியது. போலீஸ் போட்டோவில் அதே வடு. குழாயிலிருந்து ஏறி, லைனரைக் கடந்து, மறுபக்கம் இறங்கியது.

"கொளத்தை மூடிட்டோம், பாஸ். ரோடு போட்டாச்சு," என்றான் கொசு. 

"பாதி ரோடுதான். கிண்ணி காலியா இருந்தா இது எப்படிச் சுட்டுச்சு?"

பட்டறைக்காரர் சுவரிலிருந்து ஒரு துப்பாக்கியை இறக்கினார். கிளப்பின் ஜோடித் துப்பாக்கியில் இன்னொன்று. மராமத்துக்கு வந்தது. ஒரே கை செய்தது, ஒரே மரை. அதன் லைனரைக் கழற்றிவிட்டுக் கெட்டில் லைனரைத் திருகினார்.

"உங்க அண்ணன் எப்படிக் கெட்டிப்பான்?"

"கிண்ணியைத் துடைச்சு மூடிடுவான். அப்புறம்தான் குழாய்ல மருந்து போடுவான்," என்றாள் தங்கை. "பொறி கிறி பட்டுடக் கூடாதுன்னு."

அவர் அப்படியே செய்தார். கிண்ணியைத் துடைத்து எல்லாருக்கும் காட்டினார். காலி. மூடினார். வாய் வழியாகக் கொஞ்சம் மருந்து. குண்டு போடவில்லை, துணியை மட்டும் வைத்துக் கம்பியால் இடித்தார். விசைப் பக்கம் யாரும் போகவில்லை.

"திறங்க," என்றார் சித்தி.

கிண்ணியின் மூடி எழுந்தது. உள்ளே, யாரும் போடாத மருந்து கறுப்பாக, அழகாக ஒரு சிட்டிகை குவிந்திருந்தது. இடித்த இடியில், அகன்ற துளை வழியாக அதுவே நடந்து வந்து உட்கார்ந்திருந்தது.

தங்கை முதல்முறையாக அழுதாள்.

பட்டறைக்காரர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். "நாளைக்கு நான் கூண்டுல ஏறி, சோதனைக்கு முன்னாடியே சாட்சிப் பொருளைச் சரி பண்ணிட்டேன்னு சொன்னா, அதுக்கப்புறம் ஒருத்தன் என்கிட்ட துப்பாக்கி குடுக்க மாட்டான். ஜெயிலுக்குக்கூட நான் போக வேண்டியிருக்கும்."

"வேண்டியிருக்கலாம்," என்றார் சித்தி. அவர் பொய் ஆறுதல் சொல்வதில்லை. "கொசு, வண்டியை எடு. பாக்கற நேரம் முடியப் போகுது."

"பாஸ், வண்டி செத்துப் போச்சு. மறந்துட்டீங்களா?"

தெருவில் வேறு வண்டி எதுவும் இல்லை. தங்கை ஓட ஆரம்பித்தாள். ஜெயில் ஊரின் அந்தக் கோடியில். ஓடிப் போய்ச் சேர்கிற தூரமில்லை. அவளுக்கும் அது தெரியும்.

பின்னால் கார் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. ஒரு முறுக்கு. எஞ்சின் உறுமியது.

கொசு எட்டிப் பார்த்தான். "சார், இதுவும் உங்களுக்குத் தெரியாம பண்ணதா?"

"இல்ல," என்றார் பட்டறைக்காரர். கையைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். "இது தெரிஞ்சுதான் பண்ணேன்."

ஜெயிலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் மடியில், வேறு யாருடையவோ போல் கிடந்தன. காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கை தொலைபேசியை எடுத்தாள்.  பட்டறைக்காரரிடம் நீட்டினாள்.

அவர், உறையில் போட்டிருந்த லைனரைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

அண்ணன் நிமிர்ந்தான். ஒரே பார்வைதான். பெற்ற பிள்ளையை அடையாளம் கண்டவன் போல் எழுந்து நின்று, தன் பக்கத்துத் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"துளை பெருசாத்தான் இருந்துச்சுப்பா," என்றார் பட்டறைக்காரர். "நீ பாத்தது சரி. மருந்து அது வழியா தானா வந்திருக்கு. உன் கை போடல. என் கைதான், எனக்கே தெரியாம இதை மாத்திடுச்சு."

அண்ணன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பினான். மெல்ல ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நாளைக்கு நான் என்ன சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லு," என்றாள் தங்கை, தொலைபேசியைத் திரும்ப வாங்கி.

அவன், இத்தனை மாதமாகச் சத்தியமாகவும் சந்தேகமாகவும் கெஞ்சலாகவும் சொல்லி வந்ததை, அன்றைக்கு விருந்தாளியிடம் சொன்ன அதே சாதாரணக் குரலில் சொல்லிப் பார்த்தான்.

"நான் மூடினப்போ கிண்ணில மருந்து இல்ல."